‘இவ என்ன அம்மனா ரீச்சர்?’ – சார்ஜன்ட் கீறிய கார்ட்னர் அம்மையாரின் படம் பற்றி

பாலைநிழல் (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். முல்லைத்தீவுப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் சித்திரம் படிப்பிக்கிறேன். உயர்தர வகுப்பில் பதினொரு பிள்ளைகள். போன கிழமை உருவப்படம் பற்றிச் சொல்லும்போது, ஜோன் சிங்கர் சார்ஜன்ட் 1888ல் பொஸ்டன் நகரில் கீறிய இசபெல்லா ஸ்டுவர்ட் கார்ட்னரின் படத்தை மடிக்கணினியில் போட்டுக் காட்டினேன். அமெரிக்காவில் தன் சொந்தக் காசில் ஓவியங்கள் வாங்கிச் சேர்த்து, அவற்றுக்கென்றே ஒரு மாளிகை கட்டி, 1903ல் ஊர் மக்களுக்குத் திறந்துவிட்ட பெண் அவர்.

படத்தைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். ஏறக்குறைய ஆள் உயரம், 190 சென்ரிமீற்றர். அகலம் 80 தான். கறுப்பு உடுப்பு, கழுத்து கொஞ்சம் இறக்கம், கைகள் வெறுமை. இடுப்பைச் சுற்றி முத்து வடம், அதில் மாணிக்கம் தொங்குகிறது. இரண்டு கையையும் முன்னால் கோர்த்துக்கொண்டு நேராக எங்களைப் பார்த்தபடி நிற்கிறார். அப்போது அவருக்கு வயது 47. பின்னால் சிவப்பும் பொன்னுமாக ஒரு பழைய இத்தாலியத் துணி. அதிலுள்ள கோலத்தைச் சார்ஜன்ட் பெருப்பித்துக் கீறியிருக்கிறார். அந்தக் கோலத்தின் வட்டம் சரியாகத் தலைக்குப் பின்னால் வந்து நிற்கிறது.

வற்றாப்பளையிலிருந்து வருகிற ஒரு பிள்ளை கண்ட உடனே கேட்டாள்: “இவ என்ன அம்மனா ரீச்சர்? பின்னால திருவாசி போட்டிருக்கு.”

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. ஏனென்றால் எழுத்தாளர் ஹென்றி ஜேம்ஸ் அந்தப் படத்தைப் பற்றிக் கேள்விப்பட்டபோது தலைக்குப் பின்னால் ஒளிவட்டத்தோடு கீறப்படும் பைசாந்தியக் கன்னி மரியாளைத்தான் நினைத்தார். நூற்றுமுப்பது வருசம் கழித்து, அந்தப் பெயர்கள் ஒன்றையும் அறியாத பிள்ளை வற்றாப்பளை அம்மனை வைத்து அதே இடத்துக்கு வந்துவிட்டாள்.

ஆனால் பின்வாங்கில் இருந்த இன்னொருத்தி சொன்னாள்: “காசிருந்தா ஆரும் அம்மனாகலாம்.” வகுப்பு அமைதியாகிவிட்டது. எனக்குப் பதில் வரவில்லை. இன்னும் வரவில்லை. அதனால்தான் இங்கே கேட்கிறேன். இந்தப் படத்தை எங்கள் பிள்ளைகளுக்கு எப்படிப் படிப்பிப்பது?


கனகராயன்கரை

ரீச்சர், அந்தப் பின்வாங்குப் பிள்ளையைத் திருத்த வேண்டாம். அவள் கேட்டதுதான் முதல் கேள்வி.

கார்ட்னர் அம்மையாரின் தகப்பன் நியூயோர்க் வியாபாரி. 1891ல் அவர் இறந்தபோது பதினைந்து லட்சம் டொலருக்கு மேல் மகளுக்கு வந்தது. பெரிய ஓவியங்களை அவர் வாங்கத் தொடங்கியதே அதற்குப் பிறகுதான். 1892ல் பாரிஸ் ஏலத்தில் வெர்மீர் கீறிய ஓவியம், 1896ல் டிஷியன் கீறியது. புருசன் வழியோ கப்பல் வணிகக் குடும்பம். கிழக்கிந்தியக் கடல் வணிகம். அந்தக் கரையிலிருந்த சேலம் துறைமுகத்துக் கப்பல்கள் (தமிழ்நாட்டுச் சேலம் இல்லை, மசசூசெற்ஸ் சேலம்) சுமத்ராவுக்குப் போய் மிளகு ஏற்றி வந்த கதை எல்லோரும் அறிந்தது. மிளகும் பட்டும் தேயிலையும் எங்கள் பக்கத்துக் கடலிலிருந்துதான் போனது. அந்தக் காசு அங்கே முத்து வடமாகி, அப்புறம் ஓவியமாகிச் சுவரில் தொங்குகிறது.

படம் வடிவு, மறுக்கவில்லை. வடிவைச் சொல்லும்போது காசையும் சேர்த்துச் சொல்லுங்கள் என்பதுதான் என் கேள்வி. உருவப்படம் என்பது காலம் காலமாக யாருக்குக் கிடைத்தது? அரசனுக்கு, பாதிரியாருக்கு, வியாபாரிக்கு. வன்னியை ஆண்ட பண்டார வன்னியனுக்கே எங்களிடம் இருக்கிற முகம் பிற்காலத்தார் தந்த முகம்தான். அவனோடு நின்றவர்களுக்கு அதுகூட இல்லை.


மல்லாவித் தூரிகை

நான் பெரிதாகப் படித்தவன் இல்லை. போர்ட் எழுதுகிறவன். மல்லாவி, துணுக்காய்ப் பக்கம் பழைய கடைகளில் இன்னும் என் எழுத்து இருக்கும். பிளெக்ஸ் வந்த பிறகு அந்த வேலை படுத்துவிட்டது. இப்போது படம் கீறித்தான் சீவியம் போகிறது. அதனால் கீறுகிறவன் பக்கத்திலிருந்து ஒரு கதை சொல்கிறேன்.

என்னிடம் வருகிறவர்கள் அடையாள அட்டையோடு வருவார்கள். அநேகமாக மிஞ்சியது அது ஒன்றுதான். பிளாஸ்ரிக் உறைக்குள் தண்ணீர் போய், ஓரம் கறுத்து, சிலதில் வாய் இருக்காது, சிலதில் ஒரு கண் இருக்காது. ஒரு அங்குலப் படம். கண் என்பது ஒரு கடுகு. அந்தக் கடுகிலிருந்து நான் கண் எடுக்க வேண்டும். கட்டம் போட்டுத்தான் பெருப்பிப்பேன். பாதி முகம் கட்டத்திலிருந்து வரும், மற்றப் பாதி வந்தவர் வாயிலிருந்து வரும். “சிரிச்சா இடப்பக்கம் குழி விழும் அண்ணை.” “வலக்காது கொஞ்சம் விரிஞ்சு நிக்கும்.” அடையாள அட்டையில் ஒருவரும் சிரிப்பதில்லை. ஆனால் எல்லோருக்கும் சிரித்த முகம்தான் வேண்டும்.

போன வருசம் ஒரு அம்மா வந்தா. பத்து வயதுப் பிள்ளையின் படம். இப்ப இருந்தா எப்பிடி இருப்பானோ அப்பிடிக் கீறித் தா என்றா. கீறினேன். சரியா பிழையா என்று அவவாலும் சொல்ல முடியவில்லை, என்னாலும் முடியவில்லை. காசு வாங்கவில்லை.

ரீச்சர் போட்ட படத்தைத் தேடிப் பார்த்தேன். அதோடு ஒரு கதையும் வாசித்தேன். சார்ஜன்ட் அந்த முகத்தை எட்டுத் தடவை கீறிச் சரிவராமல், விட்டுவிடலாம் என்ற நிலைக்கு வந்தாராம். ஒன்பதாவது தடவைதான் வந்ததாம். அம்மையாரே சொன்ன கதை. ஒன்பது இத்தாலியக் கவிஞர் தாந்தேயின் எண், அதனால் சரிவரும் என்று அவதான் தைரியம் சொன்னாவாம்.

எல்லோரும் முத்தைப் பார்க்கிறீர்கள். நான் அந்த எட்டைப் பார்க்கிறேன். எட்டுத் தடவை தோற்க வேண்டுமென்றால் எட்டுத் தடவை ஆள் வந்து முன்னால் நிற்க வேண்டும். இருபத்தைந்து வருசமாகக் கீறுகிறேன். ஒருவர்கூட எனக்கு முன்னால் இருந்து “என்னைக் கீறு” என்று சொன்னதில்லை. உயிரோடு இருக்கிற ஆளைக் கீறினால் ஆயுசு குறையும் என்று சொல்கிற சனமும் உண்டு. நான் கீறியவர்களில் ஒருவரையும் நான் கண்டதில்லை.


அலைகரை

மல்லாவி அண்ணை, உங்கள் எழுத்தை வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் வெளியே போய் இருந்துவிட்டு வந்தேன்.


பாலைநிழல்

அண்ணை, இதை அப்படியே வகுப்பில் வாசிக்கலாமா? பிள்ளைகளில் மூன்று நான்கு பேர் வீட்டில் அப்படிப்பட்ட படங்கள் இருக்கின்றன.

கனகராயன்கரை அண்ணாவுக்கு: காசைச் சொல்லத்தான் போகிறேன். ஆனால் அந்த அம்மையார் பட்டதையும் சொல்ல வேண்டும். 1888ல் அந்தப் படத்தை பொஸ்டனில் சென்ட் பொட்டோல்ஃப் கழகத்தில் ‘பெண், ஒரு புதிர்’ என்ற தலைப்பில் வைத்தார்கள். ஊர் வாய் சும்மா இருக்கவில்லை. கழுத்து இறக்கத்தை வைத்து, ஒரு இளம் எழுத்தாளரோடு இணைத்துக் கொச்சைப் பகிடி கிளம்பியது. புருசன் மனம் நொந்து, தான் இருக்கும்வரை இந்தப் படத்தைப் பொதுவில் வைக்க வேண்டாம் என்றார். அவர் 1898ல் இறந்தார். அதற்குப் பிறகும் அவ வைக்கவில்லை. மாளிகை கட்டி எல்லா ஓவியத்தையும் ஊருக்குத் திறந்தவ, தன் படம் இருந்த மூன்றாம் மாடி அறையை மட்டும் பூட்டியே வைத்தா. 1924ல் அவ கண்மூடிய பிறகுதான் அந்த அறை சனத்துக்குத் திறந்தது. தன்னை அம்மனாக்கிக் காட்ட ஆசைப்பட்டவ அப்படிச் செய்வாவா?

இன்னொன்று. அவவுக்கு ஒரே ஒரு மகன். இரண்டு வயது நிறைய முதல், 1865ல், போய்விட்டான். பிறகு பிள்ளை இல்லை.


கனகராயன்கரை

பிள்ளை போன துயரத்தை ஒருவரும் குறைத்துச் சொல்ல முடியாது. அதில் ஏழை பணக்காரன் இல்லை. ஆனால் பூட்டி வைக்க ஒரு அறை இருந்தது பாருங்கள், அதுவும் காசுதான். உயிலில் வேறு எழுதிவைத்தா: நான் வைத்த இடத்திலேயே எல்லாம் இருக்க வேண்டும், மாற்றினால் மொத்தத்தையும் விற்றுக் காசை ஹாவர்ட் பல்கலைக்கழகத்துக்குக் கொடுங்கள் என்று. இறந்த பிறகும் ஒரு கதிரையைக்கூட நகர்த்த விடாத அதிகாரம். எங்கள் சனம் எத்தனை தடவை வீட்டை விட்டு எழும்பியது? எது எங்கே இருந்தது என்று சொல்லவே இன்று ஆள் இல்லாத வீடுகள் எத்தனை?


ஒட்டுசுட்டான் பெடியன்

நான் ஊரில் பிறந்து இப்போது பொஸ்டனுக்குப் பக்கத்தில் இருக்கிறேன். இந்த இழையை இரவு வேலையில் இருந்து வாசிக்கிறேன். அந்த மாளிகைக்கு மூன்று தடவை போயிருக்கிறேன், அதனால் எழுதாமல் இருக்க முடியவில்லை.

முதல் தடவை போனது உறவுக்காரரோடு, சும்மா பார்க்க. நடுவில் முற்றம். எங்கள் நாற்சார் வீடு மாதிரி, ஆனால் நான்கு மாடி உயரம், மேலே கண்ணாடிக் கூரை, உள்ளே பூ. சுற்றிச் சுற்றி அறைகள். இரண்டாம் மாடியில் ஒல்லாந்து அறை என்று ஒன்று. சுவரெல்லாம் பச்சைப் பட்டுத் துணி. அந்தச் சுவரில் பெரிய பொன் சட்டங்கள் தொங்குகின்றன. உள்ளே படம் இல்லை. துணிதான் தெரிகிறது.

1990 மார்ச் 18 விடியப்புறம், பொலிஸ் உடுப்பில் வந்த இரண்டு பேர் காவலாளிகளைக் கட்டிப்போட்டு 81 நிமிசத்தில் 13 பொருட்களை எடுத்துப் போய்விட்டார்கள். வெர்மீர், ரெம்பிரான்டின் புயற்கடல் எல்லாம் அதில் போனது. சிலதைச் சட்டத்திலிருந்து வெட்டியே எடுத்தார்கள். இன்றுவரை ஒன்றும் கிடைக்கவில்லை. ஒரு கோடி டொலர் சன்மானம் அறிவித்தும் கிடைக்கவில்லை. நிர்வாகம் அந்த இடத்தில் வேறு படம் மாட்டவில்லை. வெறுஞ்சட்டம் அப்படியே தொங்குகிறது, திரும்பி வரும் என்று.

அந்தச் சட்டங்களுக்கு முன்னால் என்னால் நிற்க முடியவில்லை. மூன்றாம் மாடிக்கு ஏறிப் போய்விட்டேன். அங்கேதான் ரீச்சர் சொல்கிற படம். அறைக்குள் வெளிச்சம் குறைவு. கண் பழகப் பழகத்தான் முதலில் முகம், அப்புறம் கை, அப்புறம் முத்து வருகிறது. கணினியில் பார்க்கும்போது முத்துத்தான் முதலில் கண்ணில் படும். நேரில் அப்படி இல்லை. வாய் கொஞ்சம் திறந்திருக்கிறது. இப்போதுதான் ஏதோ சொல்லி முடித்த மாதிரி, அல்லது சொல்லப் போகிற மாதிரி.

எங்களிடம் ஐயாவின் படம் ஒன்றும் இல்லை. 2009ல் கடைசிப் போரில் மாத்தளனில் பெட்டியோடு போனது. அடையாள அட்டை அவரிடமே இருந்தது. அம்மா இப்போதும் சாமித்தட்டுக்குப் பக்கத்தில் ஒரு இடத்தை வெறுமையாக விட்டு வைத்திருக்கிறா. அதில் எதையும் வைக்க விடமாட்டா. அந்த வெறுஞ்சட்டங்களைக் கண்ட அன்றுதான் அம்மாவின் பிடிவாதம் எனக்கு விளங்கியது.


அலைகரை

கிளிநொச்சிக் கந்தசாமி கோயிலடியில் காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைத் தேடித் தாய்மார் 2017 பெப்ரவரி 20ல் தொடங்கிய போராட்டக் கொட்டகை நினைவுக்கு வருகிறது. உள்ளே வரிசை வரிசையாகப் பிள்ளைகளின் படங்கள். படம் வைத்திருந்த தாய்மார் படத்தைப் பிடித்துக்கொண்டு இருந்தார்கள். படம் இல்லாதவர்கள் பெயரை எழுதிப் பிடித்திருந்தார்கள். பொஸ்டன் சட்டமும் அந்தத் தாய்மாரும் சொல்வது ஒன்றுதான்: இடத்தை நிரப்பமாட்டோம்.


வெள்ளைத்தாள்

மன்னிக்க வேண்டும் அலைகரை, எனக்கு இந்த ஒப்பீடு மனதுக்கு ஒவ்வவில்லை. அங்கே போனது கன்வாஸ். அதற்கு விலை இருக்கிறது, சன்மானம் இருக்கிறது, தேட எஃப்.பி.ஐ. இருக்கிறது. இங்கே போனது பிள்ளை. அந்தக் கொட்டகையில் இருந்த தாய்மார் பதில் வராமலே ஒவ்வொருவராகச் செத்துப் போகிறார்கள். என் பெரியம்மாவும் அதில் ஒருத்தி. இரண்டையும் ஒரு வசனத்தில் வைக்காதீர்கள்.


அலைகரை

சரி அக்கா. வைத்தது பிழைதான். உங்கள் பெரியம்மாவை நினைக்காமல் எழுதிவிட்டேன்.


ஒட்டுசுட்டான் பெடியன்

வெள்ளைத்தாள் அக்கா சொல்வது சரி. நான் எழுதியதும் அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டது. கன்வாஸ் திரும்பி வந்தால் அதே கன்வாஸாக வரும்.

ஒரு சின்னத் தகவலையும் சொல்லிவிடுகிறேன். உயிலில் இன்னொன்றும் எழுதியிருக்கிறா: ஒவ்வொரு வருசமும் தன் பிறந்த நாளில் அங்கேயிருக்கிற சின்ன ஆலயத்தில் தனக்காகப் பூசை வைக்க வேண்டும் என்று. பிறந்த நாள் ஏப்ரல் 14. எங்கள் வருசப்பிறப்பு நாள்! இன்றும் நடக்கிறது. திவசம் கொடுக்கப் பிள்ளை இல்லாதவ, அதையும் தானே ஒழுங்கு பண்ணிவிட்டுப் போயிருக்கிறா. அதை அதிகாரம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, கனகராயன்கரை அண்ணை.

அங்கிருந்து நடந்து போகிற தூரத்தில்தான் நுண்கலை அருங்காட்சியகமும் இருக்கிறது. எங்கள் கலை அறிஞர் ஆனந்த குமாரசுவாமி 1917லிருந்து 1947ல் இறக்கும்வரை வேலை செய்த இடம். அவரும் சேகரிப்பாளர்தான். தான் சேர்த்ததை இந்தியாவில் ஒரு அருங்காட்சியகத்துக்குக் கொடுக்கப் பார்த்தார், கைகூடவில்லை, அது பொஸ்டனுக்குப் போனது. பிள்ளைகளுக்கு இதையும் சொல்லுங்கள் ரீச்சர்.


கனகராயன்கரை

திவசக் கதை எனக்குத் தெரியாது. அதற்கு முன்னால் நான் எழுதிய ‘அதிகாரம்’ கொஞ்சம் கடுமைதான். காசைப் பற்றிச் சொன்னதில் மாற்றமில்லை.


பாலைநிழல்

நேற்று வகுப்பு நடந்தது. மிளகிலிருந்து தொடங்கினேன். அப்புறம் மல்லாவி அண்ணையின் எழுத்தை வாசித்தேன். ஒரு பிள்ளை எழும்பி வெளியே போய் முகம் கழுவிவிட்டு வந்தாள்.

அப்புறம் இன்னொரு படம் காட்டினேன். அதே சார்ஜன்ட், அதே அம்மையார், 34 வருசம் கழித்து. 1922ல் நீர்வண்ணத்தில் கீறியது. 1919 கடைசியில் அவவுக்குப் பாரிசவாதம் வந்துவிட்டது. தலையிலிருந்து கால்வரை வெள்ளைத் துணி சுற்றி, சாய்ந்து இருக்கிறா. முத்து இல்லை, மாணிக்கம் இல்லை, திருவாசி இல்லை. முகம் மட்டும் துணிக்குள்ளிருந்து எங்களைப் பார்க்கிறது. தாளின் வெள்ளையை அப்படியே விட்டுவிட்டு, சாம்பலும் நீலமுமாகச் சில தீட்டல்களில் துணியின் மடிப்பைக் கொண்டுவந்திருக்கிறார்.

பின்வாங்குப் பிள்ளைதான் முதலில் வாய் திறந்தாள்: “இவ எங்கட அப்பாச்சி மாதிரி இருக்கிறா.” கொஞ்சம் பொறுத்து, “ரெண்டுலயும் ஒரே பார்வை ரீச்சர். காசை எடுத்தாலும் பார்வை போகேல்ல” என்றாள்.

இப்போது அவள் அப்பாச்சியை இருத்திக் கீறப் போகிறாளாம். அப்பாச்சி முதலில் மறுத்துவிட்டாவாம். ஆயுசு குறையும் என்ற அதே கதை. இனிக் குறைய என்ன கிடக்கு என்று பிறகு அவவே சம்மதித்தாவாம்.


ஒட்டுசுட்டான் பெடியன்

மல்லாவி அண்ணை, ஒன்று கேட்க வேண்டும். இரண்டு நாளாக எழுதுவதும் அழிப்பதுமாக இருக்கிறேன். போன மாதம் கனடாவிலிருக்கிற மாமி ஒரு பழைய கலியாணப் படம் அனுப்பினா. 90களில் எடுத்தது. மாப்பிள்ளைக்குப் பின்னால் ஐயா நிற்கிறார். ஆனால் மாலைக்குப் பின்னால் பாதி முகம் மறைந்துவிட்டது. ஒரு கண், அரை மூக்கு, ஒரு காது. அவ்வளவுதான். இதை வைத்துக் கீற முடியுமா?


மல்லாவித் தூரிகை

தம்பி, படத்தைத் தனிமடலில் அனுப்புங்கோ. ஒரு கண் தெளிவாக இருந்தால் பெரிய காரியம். கடுகை விடப் பெரிதாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

மற்றப் பாதிக்குப் படம் தேட வேண்டாம். நீங்கள் ஊருக்கு எப்ப வாறியள்? தகப்பனின் தாடையும் நெற்றியும் மகனில் எங்கேயாவது நிற்கும். அம்மாவையும் கூட்டி வாங்கோ. நீங்கள் எனக்கு முன்னால் இருக்க, அம்மா பக்கத்தில் நின்று ‘இது அவரைப் போல, இது அவரைப் போல இல்லை’ என்று சொல்லட்டும். அழித்து அழித்துக் கீறுவோம். எட்டுத் தடவை என்றாலும் எனக்குச் சரி.


ஒட்டுசுட்டான் பெடியன்

ஓகஸ்டில் மூன்று கிழமை லீவு எடுக்கிறேன் அண்ணை. அம்மாவிடம் சொல்லிவிட்டேன். போனை வைத்துவிட்டா. பத்து நிமிசத்தில் திரும்ப எடுத்து, எந்தச் சேட்டோடு கீறுவார் என்று கேட்டா.


பாலைநிழல்

அண்ணை, அந்த நாட்களில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்து பார்க்கலாமா? தம்பிக்கும் அம்மாவுக்கும் சம்மதம் என்றால் மட்டும். ஒரு சத்தமும் போடமாட்டார்கள்.


ஒட்டுசுட்டான் பெடியன்

அம்மா ஓம் என்கிறா ரீச்சர். திருவாசி என்று சொன்ன பிள்ளையையும் அப்பாச்சியைக் கீறுகிற பிள்ளையையும் முன்னுக்கு இருத்தச் சொல்கிறா.


மல்லாவித் தூரிகை

காலமை வாங்கோ, வெயில் ஏற முதல். வடக்குப் பக்க யன்னல் வெளிச்சம் பத்து மணி வரை நல்லாக இருக்கும். உள்ளே பதினொரு பேர் இருக்க இடம் காணாது. வேம்புக்குக் கீழே வாங்கு போட்டு, கதவைக் கழற்றி விடுகிறேன். சேட்டு என்ன நிறம் என்று அம்மாவைக் கேட்டு எழுதுங்கோ தம்பி, இப்பவே வண்ணம் வாங்கி வைக்க வேண்டும்.